58 வயதில் மியூசிக்கல் ரசிக்க வருமா?

கேள்வி: எனக்கு 58 வயது. மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். எங்களைக் கேட்காமலேயே 'லே மிஸராப்ள்' என்ற மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகத்துக்கு, மூன்று டிக்கெட் போட்டுவிட்டாள். எனக்குத் தமிழ்ப் படப் பாட்டு என்றால் உயிர். ஆனால் ஆங்கில மியூசிக்கல் எதையும் அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடிந்ததில்லை. பேசிக்கொண்டிருப்பவர்கள் எதற்காகத் திடீரென்று பாட ஆரம்பிக்கிறார்கள் என்றே புரிவதில்லை. இந்த வயதுக்கு மேல் இந்த ரசனை வருமா? போவதற்கு முன்னால் எதைப் பார்த்துத் தயாராகலாம்?

பதில்:

கட்டாயம் வரும். இன்னும் சொல்லப்போனால், நல்ல மியூசிக்கல்களில் பல ஐம்பதைத் தாண்டியவர்களுக்காகவே எழுதப்பட்டவை போல இருக்கும். நானே நாற்பதுக்கு மேல்தான் இந்தப் பக்கம் வந்தேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்கள், வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளைகள், நழுவவிட்ட வாய்ப்பு, கையில் காசில்லாத அப்பா என்று இவை பேசும் விஷயங்களை இருபது வயதில் எட்ட நின்றுதான் பார்த்திருப்பேன்.

உங்களுக்குப் பாட்டு உயிர், ஆனால் மியூசிக்கல் பிடிக்கவில்லை என்கிறீர்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பாட்டு உயிர் என்பதுதான் தடையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் காது பாட்டைத் தனிப் பொருளாகக் கேட்டுப் பழகிய காது. இலங்கை வானொலியிலும் விவித பாரதியிலும் படத்தின் பெயர், பாடியவர்கள், இசையமைப்பாளர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். படத்தையே பார்க்காமல் அதன் பாட்டு முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை நாம். அந்தப் பாட்டுக்குக் கதையின் துணை தேவையில்லை. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று அதுவே தனக்குள் முழுமையாக இருக்கிறது. பெரிய பலம் அது. வேறெந்த நாட்டு சினிமாவிலும் இத்தனை பாட்டுகள் படத்தைவிட்டு வெளியே வந்து மக்களோடு வாழ்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே காதோடு ஒரு மியூசிக்கலுக்கு முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மெட்டு பிடிபடும் நேரத்தில் பாடுகிறவர் பேச ஆரம்பிக்கிறார். சரணம் வர வேண்டிய இடத்தில் வேறொருவர் குறுக்கே பாடுகிறார். தாளம் மாறுகிறது. 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்று எரிச்சல் வருகிறது.

அங்கே பாட்டுக்குக் கொடுத்திருக்கும் வேலையே வேறு. பாத்திரம் ஒரு மனநிலையோடு பாட்டுக்குள் போகிறது, இன்னொரு மனநிலையோடு வெளியே வருகிறது. போகும்போது மாட்டேன் என்றவர் வரும்போது செய்துவிடுவது என்று முடிவெடுத்திருப்பார். அந்தப் பாட்டை வெட்டி எடுத்துவிட்டால் அடுத்த காட்சி புரியாது. ஆகவே மெட்டுக்காகக் காத்திருக்காமல், வசனத்தைக் கேட்பது மாதிரி வரிகளைக் கேளுங்கள். 'இந்த ஆள் இப்போது என்ன முடிவுக்கு வரப்போகிறான்?' என்று மட்டும் பாருங்கள். மெட்டு இரண்டாவது தடவை கேட்கும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் மதுரைப் பக்கத்துக்காரராக இருந்து, கோயில் திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்தவராக இருந்தால் இது உங்களுக்குப் புதிதே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண'த்தில் நாரதரும் வள்ளியும் மோதிக்கொள்ளும் தர்க்கம் பாட்டில்தானே நடக்கிறது? ஆர்மோனியக்காரர் சுருதி பிடிக்க, ஒருவர் பாடிக் கேட்க மற்றவர் பாடி மடக்க, யார் ஜெயிக்கிறார்கள் என்று ஊரே உட்கார்ந்து பார்க்கும். அந்தக் காதை எடுத்துக்கொண்டு போங்கள். சினிமாக் காதை வீட்டில் வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1920-களில் நியூயார்க் பிராட்வே அரங்குகளில் ஓடியவை பெரும்பாலும் சிரிப்பும் நடனமும் பாட்டும் கோத்த கதம்பங்கள். ஒரு நாடகத்தில் எடுபடாத பாட்டை அடுத்த நாடகத்தில் செருகிவிடுவது சாதாரணம். 1927 டிசம்பரில் ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய 'ஷோ போட்' வந்தது. மிசிசிப்பி ஆற்றில் ஊர் ஊராகப் போகும் நாடகப் படகைப் பற்றிய கதை. நிறவெறியும், கலப்புத் திருமணத்துக்குச் சட்டம் போட்ட தடையும், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடும் சூதாடியும் அதற்குள் வந்தார்கள். பாட்டும் ஆட்டமும் உள்ள மேடையில் இதையெல்லாம் சொல்ல முடியும் என்று காட்டியது அதுதான்.

அதே ஹாமர்ஸ்டைன், ரிச்சர்ட் ராட்ஜர்ஸோடு சேர்ந்து 1943 மார்ச் 31 அன்று 'ஒக்லஹோமா'வை மேடையேற்றினார். திரை விலகியதும் வரிசையாக ஆடும் பெண்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால், ஒரு வயதான அம்மா தனியாக வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தார். மேடைக்கு வெளியிலிருந்து மாடு மேய்ப்பவன் ஒருவனின் குரல் காலைப் பொழுதைப் பாடிக்கொண்டே வந்தது. அந்த நாடகம் 2,212 காட்சிகள் ஓடியது. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆட்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் இந்த இரட்டையருக்குக் கடன்பட்டவர்கள்தான்.

பாட்டுக்குள் முடிவெடுப்பது என்றேனே, அதற்கு எனக்குத் தெரிந்து இன்றுவரை மிஞ்ச முடியாத உதாரணம் இவர்களின் 1945 நாடகமான 'கேரசல்'. பில்லி என்பவன் திருவிழா ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடும் வேலை பார்த்தவன். வேலை போய்விட்டது. முரடன், மனைவியை ஒருமுறை அடித்தும் இருக்கிறான். ஒரு கூட்டாளி திருடப் போகலாம் என்று கூப்பிடுகிறான், பில்லி பிடிகொடுக்காமல் இருக்கிறான். அந்த நேரத்தில் மனைவி கர்ப்பமாக இருப்பதாகச் சொல்கிறாள். மேடையில் அவனைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரே பாட்டு.

முதலில் மகன் என்றே நினைத்துக்கொள்கிறான். என் பையன் மரம் மாதிரி வளர்வான், எவனும் அவனை அதட்ட முடியாது, இந்த வேலைக்குப் போவான், அந்த வேலைக்குப் போவான், ஏன், நாட்டுக்கே தலைவனாகக்கூட ஆவான் என்று மார்தட்டுகிறான். இசையும் அவனோடு சேர்ந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. பெண்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதாகப் பாடிக்கொண்டு போனவன் சட்டென்று நிற்கிறான். பிறப்பது பெண்ணாக இருந்தால்? அந்த இடத்தில் மெட்டே மாறிவிடுகிறது. மகனோடு விளையாடிக்கொண்டு திரியலாம், மகளுக்கு அப்பாவாக அல்லவா இருந்தாக வேண்டும்? தன்னைப் போன்ற ஊர்சுற்றிகள் நடுவில் அவள் வளரக்கூடாது. கையில் காசு இல்லை. பாட்டின் கடைசி வரிகளில் அவன் குரல் ஏறிக்கொண்டே போகிறது: சம்பாதிப்பேன், இல்லையென்றால் திருடுவேன், அதுவும் இல்லையென்றால் சாவேன். பாட்டு முடிகிறது. அடுத்து கூட்டாளியிடம் போய்ச் சரி என்கிறான். இரண்டாம் பாகத்தில் அந்தத் திருட்டில்தான் செத்தும் போகிறான்.

மகளைப் பெற்ற யாரும் இந்தப் பாட்டை அசையாமல் உட்கார்ந்து கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் நல்ல எண்ணத்திலிருந்து தப்பான முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறான் என்பது படிப்படியாக நம் கண் முன்னால் நடக்கிறது. இதை வசனமாக எழுதினால் புலம்பலாகிவிடும். (நாடகம் முழுவதும் எனக்கு ஒப்புதல் என்று சொல்ல மாட்டேன். அடிக்கிற கணவனை அது மன்னிக்கும் விதம் இன்றைக்குப் பார்த்தால் உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் கழுத்துத் துணியை விரித்துப் பிடித்துப் பாடும் பாட்டும் இந்த நாடகத்திலிருந்து போனதுதான்.) 1956-ல் வந்த படம் கிடைக்கும். முழுப் படம் பார்க்க நேரமில்லையென்றால் இந்த ஒரு பாட்டை மட்டுமாவது சப்டைட்டிலோடு பாருங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் முதலில் போட வேண்டியது 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்'. அதையும் மனைவியோடு சேர்ந்து பார்க்க வேண்டும். ஷோலம் அலைக்கெம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் எழுதிய பால்கார டெவ்யேயின் கதைகளை வைத்து ஜெர்ரி பாக் இசையில், ஷெல்டன் ஹார்னிக் பாட்டெழுதி 1964-ல் பிராட்வேயில் வந்தது. 3,242 காட்சிகள். 1971-ல் நார்மன் ஜூவிசன் படமாக எடுத்தார். 1905 வாக்கில் ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் கிராமம். ஏழை டெவ்யேவுக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் தரகர் பார்த்த கசாப்புக்கடைக்காரரை வேண்டாம் என்று தையல்காரனைக் கட்டிக்கொள்கிறாள். அடுத்தவள் புரட்சி பேசும் மாணவனோடு போகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்துக்காரனை விரும்புகிறாள். ஒவ்வொரு தடவையும் டெவ்யே கடவுளிடம் வழக்காடி, ஒரு பக்கம் இப்படி, இன்னொரு பக்கம் அப்படி என்று யோசித்து இறங்கி வருகிறார். மூன்றாவது மகள் விஷயத்தில் இறங்கி வர முடியவில்லை. பெண்ணின் கல்யாணம், சாதிசனம், ஊர் என்ன சொல்லும், சாமி என்ன சொல்லும் என்று நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் பேச்சு அத்தனையும் அங்கே நடக்கிறது.

அதில் இரண்டாம் பாகத்தில் வரும் ஒரு பாட்டுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். இரண்டாவது மகள் காதலிக்கிறாள், சம்மதம் சொல்லிவிட்டேன் என்று டெவ்யே மனைவி கோல்டேயிடம் வந்து சொல்கிறார். காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் காதல் என்கிறார்கள் என்று சொன்னவர், நீ என்னைக் காதலிக்கிறாயா என்று அவளையே கேட்டுவிடுகிறார். அந்த அம்மாவுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு, உங்களுக்கு உடம்பு சரியில்லை, அஜீரணமாக இருக்கும், போய்ப் படுங்கள் என்கிறாள். அவர் விடுவதாக இல்லை. அவள் கணக்குச் சொல்கிறாள்: 25 வருடமாக உங்கள் துணியைத் துவைத்தேன், சமைத்தேன், வீட்டைப் பெருக்கினேன், பிள்ளை பெற்றேன், மாட்டைக் கறந்தேன், இப்போது வந்து காதலைப் பற்றி என்ன கேள்வி? அவர் கல்யாண நாளைப் பேசுகிறார். நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே அன்றைக்குத்தான், எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான் என்கிறாள். போகப் போகப் பிரியம் வரும் என்று அப்பா அம்மா சொன்னார்களே, வந்ததா? கோல்டே அவருக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டுத் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். இவரோடு வாழ்ந்தேன், சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன், இது காதல் இல்லையென்றால் வேறென்ன?

இந்தப் பாட்டில் உச்சஸ்தாயி கிடையாது. குரல் வித்தை எதுவும் கிடையாது. பாதிக்கு மேல் பேச்சுத்தான். கோல்டே பாட்டின் தொடக்கத்தில் கேள்வியையே தள்ளிவிடுகிறாள், முடிவில் ஒப்புக்கொள்கிறாள், அவ்வளவுதான் நடப்பது. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிய ஒரு தமிழ்த் தம்பதிக்கு இந்த மூன்று நிமிடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. டெவ்யேவாக நடித்த டோப்போலுக்குப் படப்பிடிப்பின்போது 35 வயதுதான் என்பதை நம்பவே முடியாது. ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மாரிஸ் லென்ஸுக்கு மேல் பழுப்புநிற நைலான் காலுறைத் துணியை மாட்டிப் படம் பிடித்தார். அந்த மண்ணிறம் அப்படி வந்ததுதான். அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது.

பேசிக்கொண்டிருப்பவர்கள் ஏன் திடீரென்று பாடுகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேடைக்காரர்கள் சொல்லும் பதில், பேச்சுப் போதாத அளவுக்கு மனது பொங்கும்போது பாடுகிறார்கள் என்பது. அது சரியான பதில்தான், ஆனால் பிடிக்காதவரை அது சமாதானப்படுத்தாது. அதனால் யாரும் திடீரென்று பாடாத ஒரு மியூசிக்கலைச் சொல்கிறேன். பாப் ஃபாஸி இயக்கி 1972-ல் வந்த 'காபரே'. 1931-ன் பெர்லின், நாஜிகள் தலையெடுக்கும் நேரம். பாட்டெல்லாம் ஓர் இரவு விடுதியின் மேடையில், பாடுவதே தொழிலாக உள்ளவர்கள் பாடுவது. வெளியே வந்தால் எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறார்கள்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் விடுதிக்கு வெளியே வருகிறது. வெயில் அடிக்கும் ஒரு தோட்டத்தில் மக்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பொன்னிற முடியுள்ள ஒரு பையன் எழுந்து பாடுகிறான். அழகான முகம், சுத்தமான குரல், காட்டையும் ஆற்றையும் பற்றிய வரிகள். நாமும் லயித்துவிடுகிறோம். கேமரா மெல்லக் கீழே இறங்குகிறது. அவன் கையில் நாஜிப் பட்டை. பாட்டு நிற்கவில்லை. இன்னொருவர் எழுந்து சேர்ந்துகொள்கிறார், ஒரு பெண் எழுகிறாள், இளைஞர்கள் எழுகிறார்கள், மெட்டு அணிவகுப்பாக மாறுகிறது. ஒரு கிழவர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கிறார். கெட்ட விஷயம் இனிமையாகத்தான் வந்து சேரும் என்பதை வசனத்தில் சொல்லியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். இங்கே நம் காதே ஒரு நிமிடம் அந்தப் பக்கம் போய்விட்டது, அதை நாமே பார்த்துவிட்டோம். இதை எழுதிய ஜான் காண்டரும் ஃபிரெட் எப்பும் யூதர்கள். பலர் இதை உண்மையான நாஜிப் பாட்டு என்றே நம்பினார்கள். அந்த அளவுக்கு அச்சு அசலாக இருக்கும்.

கொஞ்சம் இலகுவாக வேண்டுமென்றால் 1952-ல் வந்த 'சிங்கிங் இன் த ரெய்ன்'. பின்னணிக் குரலிலேயே வளர்ந்த நமக்கு அது தனிச் சுவை. பேசாப் படக் காலம் முடிந்து பேசும் படம் வந்தபோது, குரல் சரியில்லாத ஒரு நட்சத்திரத்துக்கு இன்னொரு பெண் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பதுதான் கதை. அப்படிக் குரல் கொடுப்பவளாக நடித்த டெபி ரெய்னால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் பெட்டி நாய்ஸ் என்ற பாடகிதான் குரல் கொடுத்தார்! ஹாலிவுட்டிலும் பின்னணிப் பாடகர்கள் இருந்தார்கள், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். 'த கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெருக்கும், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நட்டாலி வுட்டுக்கும், 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியது மார்னி நிக்சன் என்ற ஒரே பெண்மணி. படம் வந்தபோது எதிலும் அவர் பெயர் போடவில்லை. நம் ஊரில் பி. சுசீலாவின் பெயரைச் சொல்லாமல் வானொலியில் ஒரு பாட்டுப் போட முடியுமா? இந்த ஒரு விஷயத்தில் நம் சினிமா எவ்வளவோ நேர்மையானது.

இனி உங்கள் டிக்கெட். லே மிஸராப்ள் கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. விக்டர் ஹியூகோவின் அந்த நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கி, வி. நாகையா நடித்து 1950-ல் படமும் வந்தது. அதில் விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்தவருக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. அவர்தான் ஜாவர் சீதாராமன். நீங்கள் லண்டனில் பார்க்கப்போவது அந்த ஜாவரைத்தான்.

இந்த மியூசிக்கல் முதலில் 1980-ல் பாரிஸில் பிரெஞ்சு மொழியில் வந்தது. இசை குளோட் மிஷேல் ஷோன்பெர்க், எழுத்து ஆலன் பூப்ளீல். 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் ஆங்கிலத்தில் ஏறியபோது விமர்சகர்கள் பலர் கடித்துக் குதறினார்கள், மக்கள் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். இதில் வசனம் அநேகமாகக் கிடையாது. எல்லாமே பாட்டு. ஆகவே 'ஏன் பாடுகிறார்கள்' என்ற கேள்வி இங்கே எழாது. அதற்குப் பதிலாக வேறொரு சிக்கல்: கொஞ்சம் கவனம் சிதறினாலும் கதையில் ஒரு வருடம், சில இடங்களில் பல வருடம் ஓடிவிட்டிருக்கும். கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே படித்துவிடுங்கள். யாருக்கு யார் என்ன உறவு என்பது தெரிந்திருந்தால் போதும். முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம், ராமாயணத்தின் முடிவு தெரிந்துதானே தலைமுறை தலைமுறையாகக் கூத்து பார்த்தோம்.

இரண்டு பாட்டுகளை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். ஆரம்பத்தில், சிறையிலிருந்து வந்த வால்ஜான் பாதிரியார் வீட்டு வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடி மாட்டிக்கொள்கிறான். பாதிரியார், நான்தான் கொடுத்தேன், இந்த மெழுகுவத்தித் தண்டுகளை மறந்துவிட்டாயே என்று அவற்றையும் எடுத்துக் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறார். வால்ஜான் தனியாக நின்று பாடுகிறான். வெட்கம், கோபம், இத்தனை வருட வெறுப்பு எல்லாம் கொந்தளிக்கின்றன. முடிவில், பழைய வால்ஜான் செத்தான், நான் வேறு மனிதன் என்று முடிவெடுக்கிறான். இரண்டாம் பாகத்தின் பிற்பகுதியில், தன்னைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் உயிரோடு விட்டுவிட்ட அதே வால்ஜானை நினைத்து ஜாவர் ஸேன் நதிப் பாலத்தில் நின்று பாடுகிறான். காது கொடுத்துக் கேளுங்கள், அது வால்ஜான் பாடிய அதே இசை. ஒருவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது, அதை வாங்கிக்கொண்டு புது வாழ்க்கை தொடங்கினான். மற்றவனுக்கும் அதே மன்னிப்புக் கிடைத்தது, அதைத் தாங்க முடியாமல் ஆற்றில் குதிக்கிறான். நம் படங்களில் சந்தோஷமாக வந்த மெட்டே பிற்பாதியில் சோகமாக வருவது உங்களுக்குப் பழக்கம்தான். இங்கே மெட்டு ஓர் ஆளிடமிருந்து எதிராளிக்குக் கைமாறுகிறது. ஃபான்டீன் என்ற ஏழைத் தாய் சாகும்போது பாடும் மெட்டும் பிறகு எப்போனீன் என்ற இளம்பெண் தனியாகத் தெருவில் பாடும்போது அப்படியே திரும்பி வரும். இந்த இரண்டு பெண்களுக்கும் கிடைக்காதது ஒன்றுதான் என்பதை யாரும் சொல்லாமல் இசையே சொல்லிவிடும்.

2012-ல் வந்த படத்தை முழுவதும் பார்த்துவிட்டுப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதில் நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்திலேயே, காதில் வரும் பியானோவைக் கேட்டுக்கொண்டு நேரடியாகப் பாடினார்கள். ஆன் ஹாத்தவே மொட்டையடித்த தலையோடு பாடும் பாட்டு ஒன்று போதும், அதை மட்டும் பாருங்கள். மிச்சத்தை அரங்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் முகம் கிட்டத்தில் தெரியும், எதைப் பார்க்க வேண்டும் என்று கேமரா சொல்லிவிடும். மேடையில் முதல் பாகத்தின் கடைசிப் பாட்டில் கதையில் உள்ள அத்தனை பேரும் ஆளுக்கொரு மெட்டை ஒரே நேரத்தில் பாடுவார்கள். காதலர்கள் ஒரு பக்கம், புரட்சிக்காரர்கள் ஒரு பக்கம், ஜாவர் ஒரு பக்கம். யாரைப் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம். கீழே ஆர்க்கெஸ்ட்ரா உங்களுக்காக அன்றைக்கு வாசித்துக்கொண்டிருக்கும். பாடுகிறவர்கள் வாரத்துக்கு எட்டுக் காட்சி இப்படிப் பாடுகிறவர்கள். மூச்சு வாங்குவது உட்பட எல்லாம் அந்த நேரத்தில் நடப்பது. இசைத்தட்டில் எவ்வளவு கேட்டாலும் இது கிடைக்காது.

ஒரு நடைமுறை விஷயம். அது 1907-ல் கட்டிய அரங்கம். லண்டனின் பழைய அரங்குகளில் மேல்தட்டு இருக்கைகள் செங்குத்தாக இருக்கும், படிகள் அதிகம், கால் நீட்ட இடம் குறைவு. உங்களுக்கோ மனைவிக்கோ மூட்டுவலி இருந்தால் எந்தத் தட்டில் இடம் என்று மகளிடம் இப்போதே கேட்டு, தேவைப்பட்டால் மாற்றச் சொல்லுங்கள். இடைவேளையோடு மூன்று மணி நேரத்தை நெருங்கும் நாடகம். போய் இறங்கிய மறுநாளே வைத்துக்கொள்ள வேண்டாம், தூக்கக் கணக்குச் சரியாக இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

திரும்பி வந்த பிறகும் ஆசை இருந்தால், அப்போது ஸ்டீபன் சொண்ட்ஹைம் பக்கம் போங்கள். நீங்கள் பார்க்கப்போகும் அரங்கத்துக்கே இப்போது அவர் பெயர்தான். சிறுவனாக இருந்தபோதே ஹாமர்ஸ்டைனிடம் பாட்டெழுதக் கற்றவர், 2021 நவம்பரில் 91 வயதில் காலமானார். மெட்டுக்காக மட்டும் கேட்பவர்களுக்கு இவர் கடினம். இளையவர்களுக்கும் கொஞ்சம் கடினம்தான்.

1973-ல் வந்த 'எ லிட்டில் நைட் மியூசிக்'கில் நடுவயதைத் தாண்டிய நடிகை ஒருத்தி, பழைய காதலனிடம் இனியாவது சேர்ந்து வாழலாமா என்று மனதைத் திறந்து கேட்கிறாள். 18 வயது மனைவியை விட்டுவர முடியவில்லை என்கிறான் அவன். அப்போது அவள் பாடுவதுதான் உலகம் முழுவதும் பலர் பாடிப் பிரபலமான 'செண்ட் இன் த க்ளவுன்ஸ்'. முதலில் பாடிய கிளினிஸ் ஜான்ஸுக்கு நீண்ட மூச்சில் இழுத்துப் பாடும் குரல் கிடையாது. அதற்காகவே சொண்ட்ஹைம் சின்னச் சின்ன வரிகளாக, கேள்வி கேள்வியாக எழுதினார். அந்தக் குறையே பாட்டின் உயிராகிவிட்டது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு பேசுகிற ஒருத்தியால் நீளமாக எப்படிப் பாட முடியும்? நல்ல குரல்வளம் உள்ளவர்கள் இழைத்துப் பாடியிருப்பதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த முதல் பதிவுதான் நிற்கிறது.

1971-ல் வந்த 'ஃபாலீஸ்' இன்னும் கனமானது. இடிக்கப்போகும் ஓர் அரங்கில், ஒரு காலத்தில் அங்கே ஆடிய பெண்கள் கணவர்களோடு கடைசியாக ஒருமுறை கூடுகிறார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களுடைய இளவயது உருவங்கள் அதே மேடையில் நடமாடிக்கொண்டிருக்கும். யாரைக் கட்டியிருக்க வேண்டும், எந்த வழியில் போயிருக்க வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொருவருக்கும் பாட்டாக வருகிறது. 522 காட்சிகள் ஓடியும் போட்ட பணம் திரும்பவில்லை. இளவயதுக்காரர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதே இல்லை. லண்டன் நேஷனல் தியேட்டர் 2017-ல் இமெல்டா ஸ்டாண்டனை வைத்து இதை மேடையேற்றியபோது திரையரங்குகளுக்காகப் படமாகவும் பிடித்தார்கள். எங்காவது திரையிட்டால் விடாதீர்கள், ஆனால் டெவ்யேவையும் ஜாவரையும் பார்த்து முடித்த பிறகு.